கன்சோலுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் கேம்கள்: பட்டனை அமுக்கிக் கண்டுபிடித்ததா, புரோகிராம் கோடைப் பிரித்துக் கண்டுபிடித்ததா?

சிப்பிக்குள்பிட் எழுதியது:

கேமுக்குள் உருவாக்கியவர்கள் ஒளித்துவைக்கும் ரகசியங்களான ஈஸ்டர் எக்குகளுக்குப் பட்டியல் வேண்டுமென்றால் தேடினால் கொட்டும். நான் கேட்பது அதற்கு ஒரு படி உள்ளே. டிஸ்க் போடாமல், காட்ரிட்ஜ் சொருகாமல், கன்சோல் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் கேம்கள், ஒலிகள், பெயர்கள். கன்சோலை எழுப்பி இயக்கும் உள் மென்பொருளான பயாஸிலோ ஃபர்ம்வேரிலோ குடியிருப்பவை.

எனக்குப் பிடித்த ஒன்றை வைத்தே ஆரம்பிக்கிறேன். சேகா மாஸ்டர் சிஸ்டத்தின் ஆரம்பகாலப் பெட்டிகளில் ஸ்னெயில் மேஸ் என்றொரு கேம் பயாஸிலேயே இருக்கிறது. காட்ரிட்ஜ் இல்லாமல் பவரை ஆன் செய்து, முதல் கண்ட்ரோலரில் மேல் திசையையும் 1, 2 ஆகிய இரண்டு பட்டன்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். திரையில் ஒரு நத்தை வரும். நேரம் தீர்வதற்குள் அதை வளைந்து வளைந்து போகும் பாதைகளில் ஓட்டி மறுமுனையில் சேர்க்க வேண்டும். மொத்தம் 12 நிலைகள். கேம் என்று பார்த்தால் சுமார்தான். பிற்காலப் பெட்டிகளில் அதை எடுத்துவிட்டு அலெக்ஸ் கிட், சோனிக் என்று முழு கேம்களையே உள்ளே வைத்துக் கொடுத்தார்கள். ஆனால் அவை அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்கப்பட்டவை. நத்தை மட்டும்தான் ரகசியம்.

இதுபோல் வேறு கன்சோல்களில் என்னென்ன உண்டு? இவற்றை முதலில் பிடித்தவர்கள் எப்படிப் பிடித்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மெமரிகார்டு_8 எழுதியது:

கேம்கியூப். இரண்டு விஷயம்.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. ஆன் ஆகும்போது கண்ட்ரோலரில் இசட் பட்டனைப் பிடித்துக்கொண்டால் வழக்கமான ஒலிக்குப் பதிலாகப் பொம்மையை அமுக்குவது போன்ற கீச்சொலியும் குழந்தைச் சிரிப்பும் வரும். நான்கு கண்ட்ரோலர்களை மாட்டி நான்கிலும் பிடித்தால் கபுகி நாடகத்தில் கேட்பது போன்ற ஜப்பானியத் தாளமும் கூச்சலும் வரும். நான்கு பேர் கூடியிருக்கும் வீட்டில்தான் இது தற்செயலாக மாட்டும். யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவதுதான் அசத்தல். டிஸ்க் இல்லாமல் விட்டால் வரும் மெனுவில் பின்னணியில் மெதுவாக ஒரு மர்மமான இசை ஓடும் இல்லையா? அதைப் பதிவு செய்து 16 மடங்கு வேகமாக ஓட்டினால், 1986-இல் வந்த நின்டெண்டோவின் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்தை ஆன் செய்ததும் வரும் துள்ளலான மெட்டு கிடைக்கும். மெனுவைத் திறந்த அத்தனை பேரும் அதைக் கேட்டிருக்கிறார்கள். என்ன கேட்கிறோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

பிளேஸ்டேஷன் 2-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆன் ஆகும்போது இருட்டில் தூண் தூணாக எழும்புமே, அது சும்மா அலங்காரம் இல்லை. எந்தெந்த கேம் ஆடினீர்கள், எத்தனை தடவை ஆடினீர்கள் என்பதை மெமரி கார்டில் இருக்கும் குறிப்பிலிருந்து எடுத்துத் தூண்களாக நிறுத்துகிறது. புதுக் கார்டு போட்டால் வெறும் தரை.

---

நிழல்பிக்சல் எழுதியது:

தூண் விஷயம் இன்றுதான் தெரியும். அத்தனை வருஷம் பார்த்தும் கவனித்ததில்லை.

---

ஹெக்ஸ்கண் எழுதியது:

இந்த இழைக்கு ஒரே ஒரு உதாரணம் போதும் என்றால் அது நின்டெண்டோ ஸ்விட்சின் கோல்ஃப்.

2017-இல் ஸ்விட்ச் வந்த சில மாதங்களில், ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் ஒரு என்இஎஸ் எமுலேட்டர் (நின்டெண்டோவின் பழைய என்இஎஸ் கன்சோல் போல நடித்து அதன் கேம்களை ஓட்டும் மென்பொருள்) பட்டது. அதன் பெயரில் கோல்ஃப் என்ற சொல் பின்னிருந்து முன்னாக எழுதப்பட்டிருந்தது. உள்ளே இருந்தது 1984-இல் வந்த கோல்ஃப். அதன் புரோகிராமர் சடோரு இவாடா, பின்னாளில் நின்டெண்டோவின் தலைவர் ஆனவர். 18 குழிகளை அந்தக் காலத்துக் காட்ரிட்ஜின் கொள்ளளவுக்குள் அடக்கவே முடியாது என்று மற்றவர்கள் கைவிட்ட வேலையை எடுத்துச் செய்தவர். 2015 ஜூலை 11 அன்று காலமானார்.

கேம் இருக்கிறது சரி, எப்படித் திறப்பது? கோடைப் படித்தவர்கள் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்கள்:

கன்சோலின் தேதி ஜூலை 11 ஆக இருக்க வேண்டும். ஹோம் மெனுவில் நிற்க வேண்டும். பக்கவாட்டுக் கண்ட்ரோலர்களான இரண்டு ஜாய்கான்களையும் கழற்றிக் கைக்கு ஒன்றாகப் பிடிக்க வேண்டும். பிறகு, நின்டெண்டோ டைரக்ட் நிகழ்ச்சிகளில் இவாடா இரு கைகளையும் பார்வையாளரை நோக்கி நீட்டி "நேராக உங்களுக்கே" என்று காட்டுவாரே, அந்தச் சைகையை அப்படியே செய்ய வேண்டும். செய்தால் கோல்ஃப் திறக்கும். அதிலும் ஜாய்கானை மட்டையாக வீசி ஆடலாம். 1984 கேமுக்கு அந்த வசதியைப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

தேதியை மாற்றிவிட்டால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை இணையத்தோடு இணைந்த கன்சோல், நீங்கள் கையால் மாற்றும் கடிகாரத்தை நம்பாது; சர்வரிடம் வாங்கிய நேரத்தையே பார்க்கும். இணையத்தையே பார்க்காத பெட்டியில்தான் தேதியை மாற்றித் திறக்க முடியும். 4.0 பதிப்பில் கேமையே நீக்கிவிட்டார்கள்.

நிறுவனம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைத்த காப்புத் தாயத்து என்று ஜப்பானிய ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது, நிரூபணம் இல்லாவிட்டாலும்.

---

காட்ரிட்ஜ்_ஊதுபவன் எழுதியது:

அருமையான கதை, மறுக்கவில்லை. ஆனால் இதை "கண்டுபிடிப்பு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோடைப் பிரித்தால் எல்லாம்தான் தெரியும். பூட்டை உடைத்து உள்ளே போனவர், சாவி எங்கே இருந்தது என்று பிறகு சொல்கிறார். அதில் வேட்டை எங்கே?

வேட்டை என்றால் அடாரி 2600-இன் அட்வென்ச்சர். அந்தக் காலத்தில் அடாரி தன் புரோகிராமர்கள் பெயரை எங்கேயும் போடாது. அந்த வெறுப்பில் சிலர் வெளியேறி 1979-இல் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். வாரன் ராபினெட் வேறு வழியில் போனார். யாரிடமும் சொல்லாமல் தன் பெயரை கேமுக்குள்ளேயே வைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். முழு கேமும் 4 கிலோபைட். அதற்குள் தனக்கென்று ஓர் அறை!

எப்படிப் போவது என்று பாருங்கள். கருப்புக் கோட்டைக்குள் இருக்கும் சுழல்பாதையில், நாலாபுறமும் அடைத்த ஒரு சின்ன இடம். பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரின் குறுக்கே போட்டால்தான் உள்ளே நுழைய முடியும். அங்கே ஒரே ஒரு பிக்சல் அளவில் ஒரு சாம்பல் புள்ளி. தரையும் அதே சாம்பல் நிறம் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. உடம்பு அதில் பட்டுக் கையில் ஒட்டினால்தான் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு தங்கக் கோட்டைக்குக் கீழே, வலப்பக்கம் மெல்லிய கோடு ஒன்று வழியை அடைக்கும் இடத்துக்கு வர வேண்டும். அங்கே வேறு பொருள்களையும் கொண்டுவந்து போட்டால் திரை சிமிட்ட ஆரம்பிக்கும், ஏனென்றால் அந்த இயந்திரத்தால் ஒரே நேரத்தில் அத்தனையையும் வரைய முடியாது. அந்தச் சிமிட்டலில் அந்த மெல்லிய தடையைத் தாண்டிப் போகலாம். தாண்டினால் நடு அறையில் நிறம் மாறி மாறி மின்னும் எழுத்துகளில், இதை உருவாக்கியவர் வாரன் ராபினெட்.

1980-இல் சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த ஒரு 15 வயதுப் பையன் இதைக் கண்டுபிடித்து அடாரிக்குக் கடிதம் போட்டான். புரோகிராம் கோடும் கிடையாது, எமுலேட்டரும் கிடையாது. ஒரு டிவி, ஒரு ஜாய்ஸ்டிக். அதுதான் வேட்டை. சிப்பை மாற்றி அச்சடிக்கச் செலவாகும் என்று அடாரி அப்படியே விட்டுவிட்டது. அங்கே மென்பொருள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டீவ் ரைட்தான், ஈஸ்டர் முட்டை தேடுவது போல் இருக்கிறதே என்று இந்த வழக்கத்துக்குப் பெயரும் வைத்தார்.

---

மெமரிகார்டு_8 எழுதியது:

முதல் ஈஸ்டர் எக் அட்வென்ச்சர்தானே?

---

ஹெக்ஸ்கண் எழுதியது:

பெயர் வந்தது அதனால். முதலாவது அதுவல்ல. ஃபேர்சைல்ட் சேனல் எஃப் கன்சோலுக்கு 1978-இல் வந்த வீடியோ விஸ்பால் கேமில் பிராட் ரீட்-செல்த் தன் பெயரை ஒளித்துவைத்தார். அதற்கும் முன்னால், 1977-இல் வந்த ஸ்டார்ஷிப் 1 என்ற ஆர்கேட் இயந்திரத்தில் குறிப்பிட்ட வரிசையில் கட்டுப்பாடுகளை இயக்கினால் "ஹாய் ரான்" என்று திரையில் வரும், கூடவே 10 ஆட்டம் இலவசம். உருவாக்கியவர் ரான் மில்னர். அது வெளியே தெரிந்தது 2017-இல், எட் ஃப்ரைஸ் எழுதியபோதுதான். 40 வருஷம்!

காட்ரிட்ஜ்_ஊதுபவன் சொன்னதற்கு வருகிறேன். "கோடைப் பிரித்தால் எல்லாம் தெரியும்" என்று சொல்பவர்கள் ஒரு பயாஸ் டம்பை (சிப்பிலிருந்து எடுத்த நகலை), பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பார்த்ததில்லை என்றுதான் நினைக்கிறேன். கோபமாகச் சொல்லவில்லை. வேலை எப்படி நடக்கிறது என்று காட்டுகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வது எழுத்துகளைத் தேடுவது. பழைய கன்சோல்களில் அது பாதி நேரம் பலிக்காது. அங்கே 'ஏ' என்ற எழுத்து வழக்கமான கணினி எண்ணில் இருக்காது. படக்கட்டங்களின் வரிசையில் எத்தனையாவது கட்டமோ அந்த எண்ணில் இருக்கும். அதனால் எண்களைத் தேடாமல் எண்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத் தேடுவோம். ஒரு சொல்லில் முதல் எழுத்துக்கும் இரண்டாவதுக்கும் எத்தனை இடைவெளி, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் எத்தனை என்று. அந்த வரிசை எங்கே ஒத்துப்போகிறதோ அங்கே சொல் இருக்கலாம்.

அடுத்தது கண்ட்ரோலர். மாஸ்டர் சிஸ்டத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் கண்ட்ரோலரின் நிலை ஒரு பைட்டாக வரும். எதையும் அமுக்காவிட்டால் எட்டு பிட்டும் 1. அமுக்கினால் அந்தந்த பிட் 0 ஆகும். கடைசி பிட் மேல் திசை, அதற்கு முன்னால் கீழ், இடம், வலம், அதற்கும் முன்னால் பட்டன் 1, பட்டன் 2. மிச்சம் இரண்டும் இரண்டாவது கண்ட்ரோலருக்கு. அப்படியென்றால் மேல், 1, 2 மூன்றையும் பிடித்தால் 11001110. காட்ரிட்ஜ் இல்லாமல் ஆன் ஆகும் பாதையில், அந்த மூன்று பிட்டையும் சேர்த்துச் சோதிக்கும் ஒரு கட்டளையைக் கண்டால் உடனே நிமிர்ந்து உட்காருவோம். மெனுவே இல்லாத இடத்தில் பட்டனை எதற்குப் பார்க்கிறது? அந்தக் கேள்விதான் நத்தையிடம் கூட்டிக்கொண்டு போகும்.

இதில் வேட்டை இல்லை என்றால் எதில் இருக்கிறது?

---

காட்ரிட்ஜ்_ஊதுபவன் எழுதியது:

சரி, உழைப்பு இருக்கிறது, அதை மதிக்கிறேன். என் வாதம் வேறு. ஈஸ்டர் எக் என்பது ஒருவர் இன்னொருவருக்காக ஒளித்துவைப்பது. கண்டுபிடிக்கும் ஆள் ஆடுபவனாக இருக்க வேண்டும். கேமின் கோடும் படங்களும் பதிந்திருக்கும் ரோமில் கிடப்பதையெல்லாம் எக் என்று சொல்ல ஆரம்பித்தால், வேலையாட்கள் மறந்து வைத்துவிட்டுப் போன சுத்தியலும் புதையல் ஆகிவிடும்.

---

சிப்பிக்குள்பிட் எழுதியது:

சுத்தியல் என்றதும் கோல்டன்ஐ 007 நினைவு வருகிறது. 1997, நின்டெண்டோ 64. காட்ரிட்ஜுக்குள் 1980களின் வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் எமுலேட்டர் ஒன்று இருக்கிறது, கூடவே கோல்டன்ஐயைச் செய்த ரேர் நிறுவனத்தின் முன்னோடிகள் எழுதிய 10 பழைய ஸ்பெக்ட்ரம் கேம்கள். நின்டெண்டோ 64-ஆல் ஸ்பெக்ட்ரமை ஓட்ட முடியுமா என்று பார்ப்பதற்காகச் செய்து வைத்த சோதனை. வெளியிடும்போது அழிக்காமல், அதற்குப் போகும் வழியை மட்டும் அடைத்துவிட்டார்கள். எந்தப் பட்டனை அமுக்கினாலும் வராது. ரோமைத் திருத்தினால்தான் வரும்.

இது எக்கா, சுத்தியலா?

---

நிழல்பிக்சல் எழுதியது:

சுத்தியல். வழி இல்லை என்றால் ஒளிப்பு இல்லை.

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸில் ஹாட் காஃபி விவகாரமும் இப்படித்தான். வழியை அடைத்துவிட்டு டிஸ்க்கிலேயே விட்டுவைத்த ஓர் ஆபாச மினிகேமை 2005-இல் ஒரு மாட் (கேமைத் திருத்தும் கோப்பு) திறந்துவிட்டது. அமெரிக்காவில் அதன் மதிப்பீட்டையே வயதுவந்தோருக்கு மட்டும் என்று மாற்றினார்கள், கடைகள் அலமாரியிலிருந்து எடுத்தன. அதை யாராவது ஈஸ்டர் எக் என்று சொல்வார்களா? மறந்துபோன சுத்தியலுக்கு ஆன செலவு அவ்வளவு.

---

ஹெக்ஸ்கண் எழுதியது:

வழி இருக்கிறதா என்பதுதான் அளவுகோல் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அளவுகோலில் ஸ்விட்ச் கோல்ஃப் முழு மதிப்பெண்ணோடு தேறிவிடும். வழி உண்டு, ஆடுபவரே நடந்து போகக்கூடிய வழி. தேதியும் சைகையும் சொல்வது ஒரே ஆளை. கோடு இல்லாமலே ஒரு ஜூலை 11 அன்று யாராவது அவர் நினைவாகக் கையை நீட்டிப் பார்த்திருந்தால் திறந்திருக்கும். கேமும் அப்படிக் கையை நீட்டிப் பார்ப்பவருக்காகத்தான் வைக்கப்பட்டிருந்தது என்று எனக்குப் படுகிறது. நாங்கள் முந்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

குழப்பமான கேஸ் ஒன்று தருகிறேன். கேம்கியூபுக்கு வந்த அனிமல் கிராசிங். அதில் வீட்டுக்குள் வைக்கும் சாமான்களாக என்இஎஸ் கேம்கள் கிடைக்கும், வைத்து ஆடலாம். அவற்றோடு பெயரில்லாத ஒரு வெற்று என்இஎஸ்ஸும் உண்டு. அதைத் தொட்டால் போட கேம் எதுவும் இல்லை என்று சொல்லிவிடும். பல வருஷமாக அது ஒரு பயனற்ற பொருள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். 2018-இல் ஜேம்ஸ் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் கோடைப் படித்துப் பார்த்தால், அந்த வெற்றுப் பெட்டி மெமரி கார்டை உண்மையிலேயே தேடுகிறது! சரியான வடிவில் ஒரு என்இஎஸ் ரோம் கார்டில் இருந்தால் எடுத்து ஓட்டும். கதவு இருக்கிறது, பூட்டும் வேலை செய்கிறது, சாவியை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. மெமரி கார்டு மூலம் புதுப்புது கேம்களை விநியோகிக்க யோசித்திருக்கலாம்.

இதை எந்தப் பக்கம் வைப்பீர்கள், ஊதுபவரே?

---

காட்ரிட்ஜ்_ஊதுபவன் எழுதியது:

வெளிவராத திட்டம். எக் இல்லை. ஆனால் கோல்ஃப் விஷயத்தில் நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அந்தச் சைகை தெரிந்த ஆடுபவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்.

---

பொறுமைசாலி எழுதியது:

வெகுநாளாகப் படிக்க மட்டும் வருபவன், இதற்காக எழுதுகிறேன். போக்கிமானில் லாரிக்கு அடியில் மியூ என்ற அரிய போக்கிமான் இருக்கிறது என்பது, ஸ்ட்ரீட் ஃபைட்டரில் ஷெங் லாங் என்ற ரகசியச் சண்டைக்காரர், இதெல்லாம் உண்மையா பொய்யா என்று ஒரு முடிவு உண்டா?

---

மெமரிகார்டு_8 எழுதியது:

இரண்டும் பொய். ஷெங் லாங் ஓர் அமெரிக்க கேம் பத்திரிகை 1992 ஏப்ரல் இதழில் முட்டாள்கள் தினத்துக்காக எழுதியது. மியூ விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், எஸ்.எஸ். ஆன் கப்பலுக்குப் பக்கத்தில் அந்த லாரி நிஜமாகவே நிற்கிறது, வேறெங்கும் இல்லாத படம் அது. எதற்கு அங்கே நிற்கிறது என்று குழந்தைகள் கேட்டதில் தப்பே இல்லை. லாரிக்கு அடியில் எதுவும் கிடையாது. மியூவைப் பிடிக்க ஒரு பிழை வழி உண்டு என்று 2003-இல்தான் தெரிந்தது, அதற்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை.

இங்கேதான் ரோம் படிப்பவர்களுக்கு நான் நன்றி சொல்வேன். பொய்யைப் பொய் என்று முடித்துவைக்க அவர்களால்தான் முடியும். பட்டன் அமுக்கிக்கொண்டே இருப்பவனால் "இன்னும் சரியாக அமுக்கவில்லையோ" என்ற சந்தேகத்தை விடவே முடியாது.

---

இரண்டாம்கண்ட்ரோலர் எழுதியது:

யாரும் முதல் எக்ஸ்பாக்ஸைச் சொல்லவில்லையே?

அதன் டாஷ்போர்டில் (முகப்பு மெனுவில்) இசைக் குறுந்தகடு போட்டுப் பாடல்களை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொள்ளும் வசதி உண்டு. ஏற்றும்போது தொகுப்புக்கு ஒரு பெயர் கேட்கும். அங்கே கன்சோலின் பெயரையே முட்டை என்று ஒலிக்கும்படி திரித்து, நடுவில் ஒரு சிறப்பு எழுத்தும் இருபக்கமும் இரட்டைக் கோண அடைப்புகளும் போட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு அமைப்புகளில் சிஸ்டம் தகவல் பக்கத்துக்குப் போனால் டாஷ்போர்டைச் செய்தவர்களின் பெயர்கள் வரும். கன்சோல் வந்தது 2001. இது தெரிந்தது 2021 ஜனவரியில், அதுவும் உருவாக்கிய குழுவில் ஒருவர் பெயர் சொல்லாமல் செய்தியாளரிடம் சொன்னதால்.

எனக்கு இதில் ஒரு சந்தேகம். உருவாக்கியவரே வந்து சொல்லிவிட்டால் அது கண்டுபிடிப்புக் கணக்கில் வருமா? பேட்மேன்: ஆர்காம் அசைலமும் இப்படித்தான். 2009-இல் வந்தது. வார்டனின் அறையில் அடையாளமே இல்லாத ஒரு சுவருக்கு வெடிக்கும் ஜெல்லை மேலுக்கு மேல் மூன்று தடவை வைத்து வெடித்தால் உள்ளே ஓர் அறை, அடுத்த பாகத்தின் நகர வரைபடம். மாதக்கணக்கில் யாரும் பார்க்கவில்லை. பொறுக்க முடியாமல் செய்தவர்களே சொல்லிவிட்டார்கள்.

---

நிழல்பிக்சல் எழுதியது:

செய்தவரே சொன்னால் என்ன, குறைந்துவிடுமா? அடாரி 800-க்கு டாங்கி காங் எழுதிய லேண்டன் டயர் அதில் தன் பெயரின் முதலெழுத்துகளை ஒளித்துவைத்திருப்பதாக எழுதினார். எப்படி வரவழைப்பது என்பது அவருக்கே நினைவில்லை. 2009-இல் டான் ஹாட்ஜஸ் கோடைப் பிரித்து வழியைக் கண்டுபிடித்தார். குறிப்பிட்ட சில புள்ளிக்கணக்கில் நிற்க வேண்டும், கடைசி உயிரை உயரத்திலிருந்து விழுந்து விட வேண்டும், பிறகு கடினநிலையை மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தால் தலைப்புத் திரையில் மூன்று எழுத்து!

---

காட்ரிட்ஜ்_ஊதுபவன் எழுதியது:

வைத்தவரே மறந்த எக்! இதற்குமுன் என்ன சொன்னேனோ அதையெல்லாம் விடுங்கள், இது எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

---

ஹெக்ஸ்கண் எழுதியது:

அதே ரகத்தில் சூப்பர் பஞ்ச்-அவுட்!! உண்டு. 1994-இல் வந்தது. 2022-இல்தான் இரண்டு பேர் ஆடும் வழி தெரிந்தது. தலைப்புத் திரையில் இரண்டாவது கண்ட்ரோலரில் ஒய், ஆர் பட்டன்களைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் அமுக்கினால் எதிராளியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். அங்கிருந்து இரண்டாவது கண்ட்ரோலரில் பி, ஒய் பிடித்துக்கொண்டு தொடங்கினால் எதிராளியை நண்பர் இயக்கலாம். தனி ஆளுக்கான கேம் என்றே 28 வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இது ஒரு குக்கிராம வெளியீடு இல்லை, கோடிக்கணக்கானோர் வைத்திருந்த கன்சோலில் வந்த பெயர்பெற்ற கேம். ஆனாலும் இரண்டாவது கண்ட்ரோலரை ஏன் தொடப் போகிறோம்? ஒளிப்பவர்களுக்குப் பிடித்த இடமே அதுதான்: ஆடுபவன் கைவைக்கக் காரணமே இல்லாத இடம். காட்ரிட்ஜ் இல்லாத கன்சோல், நான்கு கண்ட்ரோலர், பாடல் தொகுப்பின் பெயர், கடிகாரம்.

புதிதாகத் தேட வருபவர்களுக்கு நான் சொல்வது, முதலில் உங்கள் கன்சோலில் என்னென்ன உள்ளீடு இருக்கிறது என்று எழுதுங்கள். தேதி, மொழி, பெயர் போடும் இடம், மூடித் திறப்பு, ரீசெட். நின்டெண்டோ டிஎஸ்ஸில் உங்கள் பிறந்தநாளைப் பதிந்திருந்தால் அன்றைக்கு ஆன் செய்யும்போது வேறு மணி ஒலிக்கும். பலர் தற்செயலாகத்தான் கேட்டிருப்பார்கள்.

---

இரண்டாம்கண்ட்ரோலர் எழுதியது:

பெட்டியின் உடம்பிலேயே வைப்பதும் உண்டு. எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸைக் கழற்றினால் மதர்போர்டில் ஹேலோ கேம்களின் நாயகன் மாஸ்டர் சீஃப் ஒரு தேள் மேல் சவாரி செய்யும் குட்டிப் படம். உருவாக்கத்தின்போது கன்சோலுக்கு ஸ்கார்பியோ என்று பெயர். பிளேஸ்டேஷன் 5-இன் வெள்ளை மூடியின் உட்புறமும் அதன் கண்ட்ரோலரான டூயல்சென்ஸின் பின்புறமும் சொரசொரப்பாக இருக்கிறதே, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், அத்தனையும் முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரம்.

கோடைப் பிரிப்பவருக்கென்றே எழுதி வைப்பவர்களும் உண்டு. 2016-இல் வந்த என்இஎஸ் கிளாசிக் மினியின் உள்ளே, ஹனஃபுடா கேப்டன் என்ற பெயரில் ஒரு குறிப்பு. உழைத்துச் செய்திருக்கிறோம், இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் உடைத்துவிடாதீர்கள் என்கிற பாணியில். டிவி முன்னால் உட்கார்ந்து ஆடுபவர் கண்ணில் அது படவே படாது.

---

ஹெக்ஸ்கண் எழுதியது:

ஊதுபவரே, "கண்டுபிடிக்கும் ஆள் ஆடுபவனாக இருக்க வேண்டும்" என்றீர்களே. அந்தக் குறிப்பு யாருக்கு?

---

காட்ரிட்ஜ்_ஊதுபவன் எழுதியது:

உங்களுக்குத்தான். வைத்துக்கொள்ளுங்கள்.

---

சிப்பிக்குள்பிட் எழுதியது:

சண்டை நல்லபடியாகப் போகிறது, நிறுத்த மனமில்லை. நடுவில் நடைமுறைக் கேள்வி ஒன்று. இதையெல்லாம் அசல் இயந்திரத்திலேயே பார்க்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்? நான் ஒரு பழைய ஸ்விட்சை வாங்கக் கேட்டபோது, "அப்டேட்டே செய்யாதது" என்று உறுதி சொன்ன விற்பனையாளர், அனுப்புவதற்கு முன் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாப் புதுப்பிப்பையும் போட்டே அனுப்பிவிட்டார்.

---

ஹெக்ஸ்கண் எழுதியது:

எல்லோருக்கும் நடப்பதுதான். "ஃபர்ம்வேர் பதிப்பு எண் தெரியும்படி திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள், அதற்குமேல் எதையும் தொடாதீர்கள்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கோல்ஃபுக்கு 4.0-க்குக் கீழே இருக்க வேண்டும். கையில் வந்ததும் வைஃபை வேண்டாம். புதிய கேம் கார்டும் வேண்டாம். கார்டுக்குள்ளேயே ஃபர்ம்வேர் இருக்கும், அதை ஏற்றினால்தான் கேம் ஓடும் என்று அடம்பிடிக்கும். இணைத்தே இராத பெட்டி என்றால் தேதியை மாற்றி எந்த நாளிலும் பார்க்கலாம். ஏற்கெனவே இணைத்தது என்றால் ஜூலை வரை காத்திருங்கள்.

முதல் எக்ஸ்பாக்ஸ் வாங்கினால், முட்டையைத் தேடுவதற்கு முன்னால் பெட்டியைத் திறங்கள். கடிகாரத்துக்கு மின்சாரம் சேமிக்கும் கெப்பாசிட்டர் 1.6 பதிப்புக்கு முந்தைய மதர்போர்டுகளில் கசிந்து, சுற்றியிருக்கும் செம்புத் தடங்களை அரித்துவிடும். அதைக் கழற்றிவிட்டுச் சுத்தம் செய்தால் போதும், இல்லாமலும் கன்சோல் ஓடும். பிளக்கைப் பிடுங்கினால் நேரம் மறந்துபோகும், அவ்வளவே.

---

மெமரிகார்டு_8 எழுதியது:

தலைப்புக்குச் சற்று வெளியே: ரிட்ஜ் ரேசர், முதல் பிளேஸ்டேஷன். லோடாகும்போது கேலக்ஸியன் என்ற பழைய சுடும் கேமை ஆடலாம். எல்லா எதிரிகளையும் சுட்டு வீழ்த்தினால் கூடுதலாக 8 கார்கள். முழு கேமும் மெமரிக்குள் ஏறிவிடுவதால் டிஸ்க்கை எடுத்துவிட்டு உங்கள் பாட்டு சிடியைப் போட்டு ஓட்டலாம். லோடிங் திரையில் மினிகேம் வைப்பதற்கு நாம்கோ காப்புரிமை வாங்கிவைத்திருந்தது, 2015-இல்தான் காலாவதி. மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்று யோசித்தவர்களுக்குப் பதில் அதுதான். காலாவதியான பிறகு செய்யலாம் என்றால் லோடிங் நேரமே சுருங்கிவிட்டது.

---

பொறுமைசாலி எழுதியது:

கோடும் வேண்டாம், பட்டனும் வேண்டாம், சும்மா இருந்தாலே கிடைக்கும் எக் ஏதாவது உண்டா?

---

நிழல்பிக்சல் எழுதியது:

உங்கள் பெயருக்கென்றே ஒன்று இருக்கிறது. கசுமி டொடாகா என்ற நின்டெண்டோ இசையமைப்பாளர் 19 சுரங்கள் கொண்ட ஒரு சின்ன மெட்டைத் தான் வேலை செய்த கேம்களில் ஒளித்துக்கொண்டே வந்திருக்கிறார். பலவற்றில் செய்ய வேண்டியது ஒன்றும் கிடையாது. கேம் பாயில் லிங்க்ஸ் அவேக்கனிங் ஆடினால் ரிச்சர்டின் மாளிகைக்குள் போய் நில்லுங்கள். வழக்கமான இசை சுற்றிச் சுற்றி ஓடும். இரண்டரை நிமிடம் போல அப்படியே விட்டால் இந்த மெட்டு வரும். லூயிஜிஸ் மேன்ஷனில் கண்ட்ரோலர் பட்டன்களைக் காட்டும் பயிற்சித் திரையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம் நிற்க வேண்டும். மரியோ பெயின்ட்டில் தலைப்பில் உள்ள 'ஓ' எழுத்தைத் தொட்டாலே போதும், ஆனால் அது உங்களுக்கு ஏமாற்று வேலை மாதிரி இருக்கும்.

---

பொறுமைசாலி எழுதியது:

மாளிகையில் நிற்கிறேன். ஸ்பீக்கரில் கேட்க வேண்டுமா, ஹெட்ஃபோன் போட வேண்டுமா?

---

நிழல்பிக்சல் எழுதியது:

எதுவானாலும் சரி. பொத்தானை மட்டும் தொடாதீர்கள், வெளியே போய்விட்டால் முதலிலிருந்து நிற்க வேண்டும்.